எழுத்து வர எடுக்கும் நேரம்

ஷாமிளா விசையை அழுத்தினாள், எழுத்து வரவில்லை. அடுத்த விசைக்கு விரலைக் கொண்டுபோன பிறகுதான் முதல் எழுத்து, யாரோ வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததைப் போல, கறுப்புத் திரையில் வெள்ளையாக வந்து நின்றது.

லெப்டொப்பில் வேறெதுவும் மந்தமாக இல்லை. கடிதம் எழுதினால் எழுத்துகள் விரலோடு ஓடிவந்தன. படங்கள் உடனே திறந்தன. டெர்மினல் மட்டும்தான் இப்படி. கட்டளைகளை அடித்துக் கணினியிடம் வேலை வாங்கும் அந்தக் கறுப்புச் சன்னலில்தான் அவள் பயிற்சியைச் செய்துமுடித்து, எட்டு மணிக்குள் ஞானசேகரம் சேருக்கு அனுப்ப வேண்டும். யட்டியாந்தோட்டையில் மாலை வகுப்பு நடத்தும் அவர், கொழும்புக் கம்பனி ஒன்றில் தன் மாணவர்களுக்கென்று இரண்டு இடங்கள் கேட்டு வாங்கியிருந்தார். முதல் இடம் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மல்லிகாவுக்குப் போய்விட்டது. இரண்டாவது இன்றைக்குத் தீர்மானமாகும். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அம்மாவோடு றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போக வேண்டியதுதான்.

அம்மா மருதாயி தலையில் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நின்ற அந்தத் தோட்ட லயத்தில் எல்லோரும் கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார்கள்.

"வர்றியா இல்லியா? பூச ஆரம்பிச்சிருவாங்க."

"அனுப்பிட்டு வர்றேம்மா."

"அந்தப் பொட்டிய மொறச்சிக்கிட்டே இரு. மல்லிகா இப்பிடியா மொறச்சிச்சு? சிரிச்சிக்கிட்டே அடிச்சிட்டுக் கொழும்புக்குப் போயிருச்சு."

"அப்ப மல்லிகாவையே பெத்திருக்கலாம்."

"கேட்டுப் பாத்தேன். அவ ஆத்தா குடுக்கல."

அம்மா சிரித்துக்கொண்டே குடையை விரித்தாள். ஷாமிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு தகரக் கூரையின் மழையும், ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடையும், றப்பர் ஷீட் காயும் புகையும் பாலின் புளித்த நெடியும் கலந்த காற்றுமாக, லயம் முழுவதும் அவளுக்கு மட்டும் என்று மிஞ்சியது.

லெப்டொப் முதலில் அவளுக்கும் மல்லிகாவுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. சேர் கொடுத்த பழையது. அந்தி வேளையில் மல்லிகாவிடம் இருக்கும், பிறகு ஷாமிளாவுக்கு. லயத்தின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளி வழியாகத்தான் இரண்டு காம்பராக்களும் கறிவேப்பிலை, சம்பல், சண்டை எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டன. ஷாமிளா பெட்டியின் மேல் ஏறி, இரண்டு உள்ளங்கைகளையும் மல்லாத்திச் சுவருக்கு மேலால் நீட்டுவாள். மல்லிகா லெப்டொப்பை அவற்றின் மேல் வைப்பாள். அதற்கு முன் சுவரில் ஷாமிளாவின் இரண்டு தட்டு. போதும், குடு என்று அர்த்தம்.

நேரம் வருமுன்பே தட்டிய நாட்களும் உண்டு. மல்லிகாவின் விரல்கள் ஓடும் சத்தம், மழைத்துளிகள் போல இடைவிடாத சத்தம், சுவரைத் தாண்டி வரும்; அவள் கை சுவருக்குப் போகும். மல்லிகா கடைசிப் பயிற்சியைச் செய்த இரவில் ஷாமிளா சுவரில் காதை வைத்தபடி படுத்திருந்தாள். எந்தக் கட்டளையை அடித்தால் அவ்வளவும் ஒரே நொடியில் அழியும் என்று யோசித்தபடி படுத்திருந்தாள்.

இப்போது லெப்டொப் அவளுக்கே சொந்தம். ஆனாலும் விரல் தடுமாறியது. தவறு தன்னுடையதோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும்; எப்போதும் அப்படித்தான். வலது சுட்டுவிரலின் அடியில் ரொட்டிக் கல் சுட்ட தழும்பை ஒருமுறை தடவிக்கொண்டாள். பிறகு ஒழுங்காகத் தேடத் தொடங்கினாள். டெர்மினல் திறக்கும்போது படிக்கும் ஆரம்பக் கோப்பை ஒதுக்கிவைத்துப் பார்த்தாள். பின்னால் ஓடும் செயலிகளைப் பார்த்தாள். எதுவும் கணினியைத் தின்னவில்லை. சேமிப்பில் இடம் நிறைய இருந்தது. இன்டர்நெட் டொங்கிளைக் கழற்றினாள். புதிய பயனர் ஒருவரை உருவாக்கி அதற்குள் போனாள். எதிலும் மாற்றமில்லை. எழுத்து தன் இஷ்டத்துக்கு வந்தது.

சேருக்கு அழைத்தாள்.

"வகுப்பில சுகமா ஓடினதுதானே? அப்ப மெசினில பிழை இல்லை, பிள்ளை. வீட்டில என்ன வித்தியாசம் எண்டு பாரும். ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்தும். விளங்குதோ?"

வீட்டில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? அவள் இருந்த இடம் ஒன்றுதான் இருந்தது.

லெப்டொப்பை அடுப்படிக்குத் தூக்கிப்போய் ஒரு சொல் அடித்தாள். தாமதம் இன்னும் கூடியது; ஒரு மூச்சு இழுத்து விடும் அளவு. காம்பராவின் நடுவுக்கு வந்தாள். கொஞ்சம் குறைந்தது. நடுச்சுவரை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்து அடித்தாள். கிட்டத்தட்ட இல்லை. தற்செயலாக இருக்கலாம் என்று மறுபடி அடுப்படிக்குப் போனாள். மறுபடி நடுவுக்கு. மறுபடி சுவருக்கு. அதே வரிசைதான்.

அப்போது மழை சற்று ஓய்ந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீருக்கு நடுவே அவள் ஒரு விசையை அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விசை அழுந்தும் சத்தம் கேட்டது. பிறகுதான் எழுத்து வந்தது.

இன்னொன்று அழுத்தினாள். அந்தப் பக்கம் சத்தம். எழுத்து.

போனை எடுத்து மல்லிகாவுக்கு அழைத்தாள்.

"அனே, மெடத்துக்கு என் ஞாபகம் வந்துருச்சா?" என்றாள் மல்லிகா. பின்னால் கொழும்பு பஸ்களின் ஹோர்ன் சத்தம்.

"ஒங்க காம்பராவுல இப்ப யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? நாங்க எல்லாரும் இங்கதான். காம்பராவப் பூட்டி, சாவிய ஆபீஸ்ல குடுத்தாச்சு. ஏன்டி?"

"லெப்டொப் ஸ்லோ. டெர்மினல் மட்டும்."

மல்லிகா சிரித்தாள். "அது இன்னும் இருக்கா? எனக்கும் அப்பிடித்தான். நீ சொவத்துக்கு அந்தப் பக்கம் முழிச்சிக்கிட்டு இருந்தா மட்டும். நீ தூங்கிட்டா சரியாயிரும். எங்கம்மா மொளகா சுத்திக்கூடப் போட்டுச்சு, ஷாமி கண்ணு பட்டுருச்சுன்னு."

"நான் ஒன்னுமே செய்யலயே."

"செய்யலடி. கேட்டுக்கிட்டு இருந்த. அவ்வளவுதான்." ஏதோ ஒரு பஸ் அருகில் வந்து நின்றது. "சரி, நீயும் சீக்கிரம் வந்து சேரு. என்னையே பாத்துப் பொகையாத."

லைன் அறுந்தது. ஷாமிளா எழுந்து நடுச்சுவரைப் பார்த்தாள். பல்ப் வெளிச்சம் சுவர் உச்சியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கூரை வரை ஒரே இருட்டு. கோயிலுக்கே லெப்டொப்பைக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்தக் கூட்டத்திலும் மேளச் சத்தத்திலும் எங்கே உட்கார்ந்து அடிப்பது? எட்டு மணிக்குள் முடியாது. மல்லிகா கொழும்பில், தான் மட்டும் றப்பர் மலையில். ஒருபோதும் முடியாது.

சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அடித்தாள்.

தாமதமே இல்லை. அவள் விரலும் அந்தப் பக்கத்துச் சத்தமும் ஒரே நேரத்தில் விழுந்தன, இரண்டு பெண்கள் ஒரே உலக்கை வேகத்தில் குத்துவதைப் போல. வேகம் கூட்டினாள். அதுவும் கூட்டியது. தவறே வரவில்லை. மல்லிகாகூட இவ்வளவு வேகமாக அடித்ததில்லை. அந்த எண்ணம் பயத்துக்கு நடுவிலும் இனித்தது. முதுகுக்குப் பின்னால் சுவர், ஒருவர் சாய்ந்து எழுந்த இடத்தைப் போல, மெல்லச் சூடேறிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பயிற்சி முடிந்தது. எல்லாம் ஒரு கோப்புறையில். அனுப்பும் கட்டளை மட்டும்தான் மிச்சம். வியர்வையைத் துடைக்க இரண்டு கைகளையும் விசைகளிலிருந்து எடுத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

அந்தப் பக்கம் விசைகள் விழுந்தன. நிதானமாக. திரையில் எழுத்துகள் வந்தன. அவள் தொடாத எழுத்துகள்.

அழிக்கும் கட்டளை. அதன் பின் அவளுடைய கோப்புறையின் பெயர்.

அவளுக்குத் தெரிந்த கட்டளை. அன்றிரவு சுவரில் காதை வைத்து அவள் யோசித்த அதே கட்டளை.

அது முழுதாக நின்றது. என்டர் விசை மட்டும் பாக்கி. வெள்ளைக் கோடு மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது.

எழுத்தை அழிக்கும் விசையைக் குத்தினாள். அசையவில்லை. சன்னலை மூடப் பார்த்தாள். மூடவில்லை.

சுவரில் இரண்டு தட்டு.

பழக்கமான தட்டு. அவசரமான தட்டு. நேரம் வருமுன்பே வரும் தட்டு.

அந்தப் பக்கம் தரையில் பெட்டி இழுபடும் சத்தம். யாரோ ஏறுகிறார்கள். பலகை முனகுகிறது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சுவருக்கு மேல், இருட்டிலிருந்து, இரண்டு கைகள். உள்ளங்கைகள் மல்லாந்து. வலது சுட்டுவிரலின் அடியில் ரொட்டிக் கல் சுட்ட தழும்பு.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இன்னும் வரவில்லை.

தன் கையைத் தூக்கிப் பார்க்க நினைத்தாள். தூங்கிப்போன கையைப் போல அது மடியிலேயே கிடந்தது.

மேலே, வலது கை எழுந்தது.

சிறிது நேரம் கழித்து அவளுடைய வலது கை எழுந்தது.

மேலே, தழும்பு விரல் நீண்டது. அவளுடையது என்டர் விசைக்கு மேல் நீண்டது, கொஞ்சம் பிந்தி. தொலைவில் கோயில் மேளம் உச்சத்தில் அடித்தது. சுவருக்கு மேலிருந்த விரல் காற்றில், ஒரு விசையை அழுத்துவதைப் போல, மெதுவாகக் கீழே இறங்கியது.

ஷாமிளா தன் விரலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.