விழிப்பை அணைத்தது யார்?

கரியாலூர் மலைப்பாதை. காலை பதினோரு மணி.

அறுபது அடிப் பள்ளத்தில் ஜீப் தலைகீழாகக் கிடந்தது.

அதனடியில்... வடக்கனந்தல் கண்ணாயிரம். ஐம்பது ஏக்கர் நிலம். பிள்ளை குட்டி இல்லை.

இப்போது உயிரும் இல்லை!

டிரைவர் இன்னாசி வெளியே தூக்கி எறியப்பட்டிருந்தான். நெற்றியில் ஆறு தையல். அவ்வளவுதான்.

மறுநாள் கள்ளக்குறிச்சியில், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார் இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வி. மூன்று நாள் தேர்த் திருவிழா பந்தோபஸ்து முடிந்த கையோடு இந்தக் கேஸ். நின்றபடியே தூங்கிவிடுவார் போலிருந்தது.

"குடிச்சியா?"

"ஏசு சத்தியமா இல்லீங்க மேடம்."

"பின்ன?"

"தூங்கிட்டேங்க..." இன்னாசி உடைந்து அழுதான். "பதினெட்டு வருசமா ஐயாவுக்கு வண்டி ஓட்டிக்கினு கீறேன். ஒரு தபா கூட கண்ணு சொக்கினது இல்ல. நான்தான் கொன்னுட்டேன். எழுதிக்குங்க. கையெழுத்து போடறேன்."

"முந்தின நாள் ராத்திரி தூங்கினியா, இல்லியா?"

"எட்டு மணிக்கே படுத்துட்டேங்க. காத்தால அஞ்சுக்குத்தான் எழுந்தேன்."

ஒன்பது மணி நேரம்! செந்தமிழ்ச்செல்விக்குப் பொறாமையாக இருந்தது. கூடவே... சந்தேகமும்!

மூன்றாம் நாள் இன்னாசியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் ஷீபா டீயை நீட்டினாள்.

"உங்களுக்கு ஏன் தூக்கம் வருது தெரியுமா மேடம்?"

"நாலு நாளா தூங்கல. இதைக் கண்டுபுடிக்க எம்.பி.பி.எஸ். படிக்கணுமா?"

ஷீபா சிரித்தாள். "முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒண்ணு சேர்ந்துக்கினே போகும். அதான் கண்ணை அழுத்தும். தூங்கினா கரைஞ்சிடும். இந்த டீ அதைக் கொஞ்ச நேரம் மறைக்கும். அழிக்காது."

"இன்னாசிதான் ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கானே?"

"அதான் விஷயம்! அவருக்குத் தூக்கம் சேரல மேடம்... விழிப்பு அணைஞ்சிருக்கு. நம்மள முழிக்க வைக்கறதுல ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையில அதை வேலை செய்யவிடாம தடுக்கற மருந்து இவர் ரத்தத்துல இருக்கு. ஜாஸ்தியாவே!"

"மருந்தா?"

செந்தமிழ்ச்செல்வி துள்ளி எழுந்தார். "யாரோ குடுத்திருக்காங்க!"

"மேடம், முழுசா கேட்டுட்டு..."

கேட்க ஆள் இல்லை. போலீஸ் ஜீப் கிளம்பிவிட்டது!

வடக்கனந்தல். கண்ணாயிரத்தின் அண்ணன் மகன் சுபாஷ் வியர்த்து நின்றான்.

"பொறப்படறப்ப பிளாஸ்க்ல டீ ஊத்திக் குடுத்தது நீதானே?"

"ஆ... ஆமா மேடம்."

"கரியாலூர்ல நீ மட்டும் எறங்கிட்ட. திரும்பறப்ப ஜீப் கவுந்துடுச்சு. சித்தப்பா செத்தா அம்பது ஏக்கரும் உனக்கு! டீயில இன்னா கலந்த?"

"ஐயோ! அதே டீயத்தான் நானும் குடிச்சேன். மூணு பேரும் குடிச்சோம்! மரவள்ளி வயல்ல மோட்டார் பாக்கச் சொல்லி சித்தப்பாதான் எறக்கி வுட்டாரு. சாயந்தரம் சேதி வர்ற வரைக்கும் அங்கதான் நின்னேன். மோட்டார் மெக்கானிக்கைக் கேளுங்க!"

குடித்தவன் தூங்கவில்லை!

செந்தமிழ்ச்செல்வி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். களைத்த மூளை... எங்கோ கோட்டை விட்டிருக்கிறது.

செல்போன் அலறியது. ஷீபா!

"பாதியில ஓடிட்டீங்களே மேடம்! அது தூக்க மாத்திரை இல்ல. பழைய காலத்துச் சளி மாத்திரை! மூக்கு ஒழுகறதுக்கும் ஹிஸ்டமின்தான் காரணம். அதை நிறுத்தப் போற மாத்திரை மூளைக்குள்ளயும் பூந்து விழிப்பை அணைச்சிடும்."

செந்தமிழ்ச்செல்வி மறுபடி ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். என்ன நடக்கிறதென்று புரியாமல் சுபாஷும் பின்னாலேயே பைக்கில் வந்தான்.

"இன்னாசி! அன்னிக்கு சளி மாத்திரை போட்டியா?"

"போட்டேங்க. மலை ஏறறப்ப தும்மிக்கினே ஓட்டினேன். எறங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்ன போட்டுக்கினேன்."

"யார் குடுத்தது?"

"ஐயாதாங்க. அவரு பையிலேருந்து எடுத்தாரு. 'ஒண்ணு பத்தாதுடா, ரெண்டா போட்டுக்க. வளைவுல தும்மி என்னைக் கவுத்துடாத'ன்னு சிரிச்சாரு..."



"இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"மூக்குக்குப் போட்டதுங்க மேடம்... அதுக்கும் தூக்கத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

அவர் சம்பந்தத்தைச் சொன்னார். மெதுவாக. இரண்டு தடவை.

இன்னாசி எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப... எம்மேல பாசம் காட்டித்தான் ஐயா செத்தாரா?"

செந்தமிழ்ச்செல்வி அவன் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் சுபாஷ் பரபரத்தான்.

"மருந்து குடுத்தவன் யாருன்னு தெரிஞ்சிச்சா மேடம்? எப்ப அரெஸ்ட்?"

கொட்டாவியை அடக்க முடியாமல் செந்தமிழ்ச்செல்வி சொன்னார்:

"நீதான் முந்திக்கினியே சுபாஷ்... நேத்துதான் அந்த ஆளுக்குக் கொள்ளி வச்சிட்ட!"