நாக்கில் தடவிய மருந்து

காலை 6.40. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தார். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கடைவாயில் காய்ந்த ரத்தம்; இரண்டு கைகளிலும் கன்றிப்போன நீலத் திட்டுகள்.

7.25. இன்ஸ்பெக்டர் அம்மாள் உள்ளே நுழைந்ததும் மகன் முந்திக்கொண்டான். மருந்துக் கடையில் பார்மசிஸ்ட் அவன்.

"என் பொண்டாட்டி வேலைதான் மேடம். அடுப்படியில எலி மருந்து வச்சிருக்கா. அது உள்ள போனா ரத்தம் உறையாது."

தகப்பனைத் தொட்டுக்கூடப் பார்க்காதவனுக்குக் காரணம் மட்டும் சட்டென்று வந்தது. மருமகள் சுவரோடு சுவராக நின்றாள். 

எலி மருந்துப் பாக்கெட் பிரிக்கப்படவே இல்லை.

இன்ஸ்பெக்டர் பெரியவரின் மேசை இழுப்பறையைத் திறந்தார். இதய வால்வு மாற்றியவர் என்பதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. மூச்சிரைப்புக்கு இன்ஹேலர். வாய்ப்புண் ஜெல் இரண்டு டியூப்; ஒன்று நசுங்கித் தீர்ந்திருந்தது. ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் மருந்துக் குறிப்புத்தாள் மடித்தபடி இருந்தது. எல்லாவற்றிலும் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார் மனிதர். ஜெல் பெட்டிகள் இரண்டில் மட்டும் தாள் இல்லை.

"மாமாவுக்கு வாயில என்னம்மா?"

"இன்ஹேலர் இழுத்து இழுத்து நாக்கெல்லாம் வெள்ளையாப் படிஞ்சுபோச்சு மேடம். பூஞ்சைக் காளான்னு சொன்னாங்க. இவர்தான் கடையிலேர்ந்து ஜெல் கொண்டுவந்தார். பன்னண்டு நாளா, நாலு வேளையும் நான்தான் தடவினேன்."

"கையில நீலம்?"

"ஒரு வாரமா இருந்துச்சு. இவர்கிட்ட சொன்னேன். எங்கயாவது இடிச்சிருப்பார்னுட்டார். ரத்தம் உறையுற அளவு பார்க்க மாசாமாசம் எடுக்கிற டெஸ்ட்டும் எடுக்கலை. லேப்ல மிஷின் ரிப்பேர்னார்."

மூன்றாம் நாள், பகல் 3.10. ஆய்வு அறிக்கை வந்தது. மூளையில் ரத்தக் கசிவு. எலி மருந்து துளியும் இல்லை. வால்வு மாத்திரையின் அளவு மட்டும் ரத்தத்தில் எக்கச்சக்கம்.

4.30. அதே கூடம்.

"அப்ப இவ மாத்திரையை அள்ளிக் குடுத்திருக்கா" என்றான் மகன்.

"எண்ணிப் பார்த்துட்டேன். ஒண்ணுகூடக் கூடுதலாப் போகலை. உள்ள போன மருந்து ரத்தத்துலயே தேங்கியிருக்கு. அந்த ஜெல் வாயிலேயே நிக்காது, உடம்புக்குள்ள இறங்கும். இந்த மாத்திரையை வெளியேறவிடாது. சேர்த்துக் குடுக்கவே கூடாதுன்னு குறிப்புத்தாள்ல பெரிய எழுத்துல போட்டிருக்கு. உங்க கடையில இருக்கிற ஜெல் பெட்டி ஒவ்வொண்ணுலயும் அந்தத் தாள் இருக்கு."

"வழியில எங்கயாவது விழுந்திருக்கும்."

"ரெண்டுலயுமா? உங்கப்பா கையில கிடைச்சா ஒரு வரி விடாமப் படிப்பார். அது உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு இந்த விஷயமே தெரியாது மேடம்!"

"போன வருஷம் இதே ஜெல் கேட்டு வந்த ஒருத்தர், இதே மாத்திரை சாப்பிடுறவர்னு தெரிஞ்சதும் குடுக்காம திருப்பி அனுப்பினீங்க. உங்க முதலாளி அதை இன்னமும் பெருமையாச் சொல்றார். லேப் மிஷின் ஒருநாளும் ரிப்பேராகலை."

 மகன் பல்லைக் கடித்தான். "ரெண்டு மாசமா அப்பா, நீ வெளியே போ, மருமக இருக்கட்டும்னார். பெத்த பிள்ளைகிட்ட! இன்னொருத்தியோட பழகினதுக்கு..."

"அதனால அவரையும் முடிச்சு, பழியையும் இந்தப் பொண்ணு தலையில போட்டாச்சு."

விலங்கு மாட்டி அவனைக் கூட்டிப் போனார்கள்.

5.15. மருமகள் சொன்னதை வாக்குமூலமாக எழுதி அவள் முன் நீட்டினார் இன்ஸ்பெக்டர். அவள் முதல் வரியிலேயே நின்றாள்: 'மருந்தைத் தடவியது நான்.'

"போதும்மா விட்டுடுன்னார் மேடம், கடைசி நாள். நான்தான் வாயைத் திறங்க மாமான்னு அதட்டினேன்."

"உங்க மேல தப்பில்லைம்மா."

"இந்த வரி இல்லாம எழுத முடியாதா?"

"முடியாதும்மா. இது இல்லைன்னா கேஸே நிக்காது."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.