தோளில் இருந்த கை

கணவன் இறந்த பதினெட்டாம் நாள் ஸ்டூடியோவிலிருந்து வந்த பிரிண்டில், அவனுடைய கை மகளின் தோள்மேல் இருந்தது. போனில் அதே படத்தைத் திறந்து பார்த்தாள். பூங்கா பெஞ்சு, அவன், ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஆறு வயது மகள். கை அவன் மடியில்தான் கிடந்தது.

ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டாள்.

“நீங்க அனுப்புனதை அப்படியே போட்டேன்க்கா. நான் எதையும் தொடலை.”

“சரிங்க” என்று வைத்துவிட்டாள். கோபம்கூட வரவில்லை. அவன் போனதிலிருந்து பசி, தூக்கம், அழுகை எல்லாமே வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

ஃபிரேம் போட ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். வீட்டு பிரிண்டரில் பளபளப்புத் தாளைச் செருகினாள். மத்தியான வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக ஊறிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் மகள் பொம்மையை அதட்டும் சத்தமும், மையின் புளித்த வாடையும், இயந்திரம் இங்குமங்கும் இழுத்து ஓடும் கரகரப்பும் ஒன்றாய்க் கலந்து வர, படம் மேலிருந்து வரிவரியாக வெளியே வந்தது. வானம், மரம், இரண்டு தலைகள்.

கை இப்போது மகளின் கழுத்தை வளைத்திருந்தது.

மை காயாத தாளைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். ஏன் அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“அம்மா! சட்டையைப் பிடிச்சு இழுக்காதம்மா!” பக்கத்து அறையிலிருந்து மகள் கத்தினாள்.

“நான் இங்கதான்டி இருக்கேன்.”

“அப்ப யாரு இழுக்கிறது?”

எழுந்து போக வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் கண் வெளியே வரும் தாளைவிட்டு நகரவில்லை. புதிய தாளில் மகள் அவன் மடியில் இருந்தாள். அவளுடைய செருப்பு ஒன்று கழன்று புல்லில் கிடந்தது.

“அப்பா, வலிக்குதுப்பா.”

அந்தக் குரல் பக்கத்து அறையிலிருந்து வரவில்லை. எங்கோ தூரத்தில், காற்று வீசும் வெட்டவெளியிலிருந்து வந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். ஓடினாள்.

அறையில் யாரும் இல்லை. ஜன்னல் உள்ளே தாழிட்டபடி இருந்தது. கட்டிலடியில் பார்த்தாள். அலமாரியில் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால் கரகரப்பு கேட்டது.

திரும்பி வந்தாள். பிளக் தரையில் கிடந்தது. தாள் வந்துகொண்டிருந்தது.

வானம்.

மரம்.

காலி பெஞ்சு.

அதற்குப் பின்னால் நீண்டு போகும் பாதையில், கையைப் பிடித்தபடி இரண்டு பேர். பெரிய உருவம் திரும்பவே இல்லை. சின்னது மட்டும் கழுத்தை முழுக்கப் பின்னால் திருப்பி, வாயைத் திறந்து, நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.