பாட்டு முடிந்தபின் பன்னிரண்டு நொடி

இப்போதெல்லாம் எவனும் பாட்டுக் கேட்பதில்லை. பாட்டுக்குப் பின்னால் யார் இருமினார்கள், யார் நாற்காலியை இழுத்தார்கள், யாரைப் பற்றி யார் முணுமுணுத்தார்கள் என்றுதான் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாடினவன் தொண்டை கிழியப் பாடியிருப்பான். அவனைத் தள்ளிவிட்டு, சுவரோரம் நின்றவன் ஏப்பம் விட்டானா என்று பார்க்கிற காலம் இது.

எல்லாம் அறைமீட்பி வந்த பிறகு வந்த புத்தி. ஒரு அறைக்குள் எழும்பின சத்தம் சும்மா போய்விடுவதில்லையாம். சுவரில் மோதித் திரும்பி, தேய்ந்து தேய்ந்து, கடைசியில் துளியூண்டு மைக்கிலும் ஒட்டிக்கொள்ளுமாம். பழைய ரெக்கார்டின் கோட்டிலும் கேசட்டின் நாடாவிலும் அது தூசு மாதிரி படிந்து கிடக்கும். ஒலித்தூசு என்று பேர் வைத்தார்கள். அறைமீட்பி அந்தத் தூசையெல்லாம் கூட்டி அள்ளி, அன்றைக்கு அந்த அறையில் என்னென்ன சத்தம் இருந்ததோ அத்தனையையும் திரும்பக் கட்டிக் கொடுத்துவிடும்.

முதல் வருஷம் ஊர் நாறிப்போனது. கல்யாண வீடியோக்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் நாத்தனார் சொன்னது, பந்தியில் சம்பந்தி சொன்னது எல்லாம் இருபது வருஷம் கழித்து வெளியே வந்தது. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பிறகு கம்பெனிக்காரன் ஒரு வேலை செய்தான். தூசு போதாத இடத்தில் மெஷினே ஊகித்து நிரப்புவது முதலிலிருந்தே உண்டு. அந்த ஊகத்தை இதமான பக்கம் திருப்பிவிட்டான். கேட்கிறவன் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால், எந்தச் சொல்லுக்கு நாடி எப்படித் துடிக்கிறது என்று பார்த்து, மனசு எதற்கு ஏங்குகிறதோ அதை நிரப்பும். அதன் பிறகு செத்தவர்கள் யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லாரும் வாழ்த்தினார்கள், மன்னித்தார்கள். தெருவுக்குத் தெரு மீட்பகம் திறந்தார்கள்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் கொல்லராக இருந்து ஓய்வு பெற்ற சவரிமுத்து அந்தப் பக்கமே போகவில்லை. வயது எண்பத்தேழு. எட்டாவதோடு படிப்பை விட்டவர். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையையே முகர்ந்து பார்த்துவிட்டு விழுங்குகிற ஆள். அவரைப் போக வைத்தது பெர்த்திலிருந்து வந்த ஒரு போன்.

"டேய் சவரி! உயிரோட இருக்கியா மேன்?"

டென்சில். ரயில்வே காலனியில் பக்கத்து வரிசை வீட்டுக்காரன். அறுபத்தெட்டில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனவன், இன்னும் பொன்மலைத் தமிழை விடவில்லை. 'தி ஷண்டர்ஸ்' என்று நாலு பேர் சேர்ந்து பாட்டுக் குழு வைத்திருந்த காலத்தில் அவன்தான் பாடினான். சவரிமுத்து டிரம்ஸ். அவர் தம்பி இன்னாசி பேஸ் கிட்டார். இன்னொரு கிட்டார்காரர் செத்து வெகு நாளாகிறது. மெட்ராஸுக்குப் போய் ஒரே ஒரு தடவை நாலு பாட்டு பதிந்தார்கள். சின்ன ரெக்கார்டு. அப்போது யாரும் சீந்தவில்லை. இப்போது யாரோ தோண்டி எடுத்து, உலகம் பூராவும் போட்டுத் தேய்க்கிறார்கள்.

"அறைமீட்பியில போட்டுக் கேட்டேன் மேன். 'சைரன் ஊதியாச்சு' முடிஞ்ச பிறகு இன்னாசி பேசுறான்டா. 'டென்சில் அண்ணே, உங்கள மாதிரி யாராலயும் பாட முடியாது'ங்கறான். நான் அழுதுட்டேன்."

"அதுக்கு முன்னாடி என்ன கேட்டுச்சு?"

"என்ன கேக்கணும்?"

"நான் அவன் கன்னத்துல ஒண்ணு விட்டேனே. அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

"அதெல்லாம் இல்ல மேன். சும்மா சந்தோஷமா இருந்துச்சு" என்றான்.

சவரிமுத்து போனை வைத்தார். பொய் சொல்லுகிற மெஷின் என்று தெரிந்துபோனது. ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை. ஏனென்றால் இன்னாசி அங்கே ஏதோ சொன்னது உண்மை.

அறுபத்தேழாம் வருஷம். ஸ்டூடியோவில் இருந்தது ஒரே மைக். பாடுகிறவன் அதன் வாயருகே நிற்க வேண்டும், கிட்டார்கள் நாலு எட்டுத் தள்ளி, டிரம்ஸ் அறைக்கு வெளியே நடையில். கதவைப் பாதி திறந்து, மெத்தையை முட்டுக்கொடுத்து, சவரிமுத்துவை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம்தான் இடம். மூன்று பாட்டு ஒழுங்காகப் போனது. நாலாவது பாட்டான 'சைரன் ஊதியாச்சு'வில் இன்னாசி ஒரு தட்டு முன்னாலேயே நுழைந்துவிட்டான். மற்றவர்கள் அவனைத் துரத்திப் பிடித்துப் பாடி முடித்தார்கள். திரும்ப எடுக்க நேரமில்லை.

பாட்டு முடிந்ததும் சவரிமுத்து உள்ளே போனார், கன்னத்தில் ஒன்று விட்டார், திரும்பி வெளியே நடந்தார். பதிவுகாரர் திகைத்துப்போய் நாடாவை நிறுத்த மறந்து நின்றார். பாட்டுக்குப் பின்னால் ஓடிய அந்தப் பன்னிரண்டு நொடியும் அப்படியே ரெக்கார்டில் ஏறிவிட்டது, வெறும் காதுக்குக் கிறுகிறுப்பாக. கதவுக் கண்ணாடியில் இன்னாசியின் வாய் அசைந்தது தெரிந்தது. டிரம் அடித்து அடைத்த காது, ஒன்றும் விழவில்லை. என்னடா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக எழும்பூர். பகல் வண்டி. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. லால்குடி தாண்டியதும் இன்னாசி எழுந்து வாசலுக்குப் போனான். கொள்ளிடம் பாலம் முடிந்தபோது வாசலில் அவன் இல்லை. பதினெட்டு வயசு.

விழுந்தானா, குதித்தானா? அறுபத்தைந்து வருஷமாக அவருக்கு வேறு கேள்வி கிடையாது.

சுப்பிரமணியபுரத்தில் இருந்த மீட்பகத்துக்கு ரெக்கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். கூடம் பூராவும் ஆட்கள், மடியில் கேசட்டும் பழைய செல்போனும் வைத்துக்கொண்டு. உள்ளே மெஷினை ஓட்டுகிறவர் நூர்ஜகான், நாற்பத்தைந்து வயசிருக்கும். ரெக்கார்டின் உறையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, நீங்க ஷண்டர்ஸா? என் மகன் இதையேதான் போட்டுக்கிட்டிருப்பான். அந்த பேஸ் முந்திக்கிட்டு வர்ற இடம்! அதுக்கு 'பொன்மலை எடுப்பு'ன்னு பேராம். அது மாதிரி வாசிக்க இப்ப கிளாஸே நடக்குது."

"அது தப்பும்மா" என்றார் சவரிமுத்து.

அந்த அம்மாள் சிரித்துவிட்டு கிளிப்பை எடுத்தார். சவரிமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்தக் கடையில யாராவது திட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்களா?"

"திட்டா? யாரும் இல்லீங்க ஐயா."

"செத்தவன் எல்லாம் அவ்வளவு நல்லவனா?"

நூர்ஜகான் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நான் பத்தாவது பாஸானதக் கேட்டு எங்க அத்தா அழுதாருன்னு இது ஒரு கேசட்டுல இருந்து எடுத்துக் குடுத்துச்சு. நான் பாஸாகவே இல்ல. ஆனா தெனம் காலையில அதைக் கேட்டுட்டுத்தான் கடை திறக்கறேன்."

"எது கோட்டுல இருந்து வந்தது, எது மெஷின் சொன்னதுன்னு தெரியறதுக்கு வழியே இல்லையா?"

"இருந்துச்சு. இங்க பாருங்க." மெஷினின் நெற்றியில் ஒரு ஓட்டையைக் காட்டினார். "இங்க ஒரு விளக்கு இருந்துச்சு. நிஜத்துக்குப் பச்சை, நிரப்புறதுக்கு மஞ்சள். மஞ்சள் எரிஞ்சா வந்தவங்க முகம் வாடிப்போகும். முதல்ல ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சோம். அப்புறம் ஜனங்களே எழுதிக் குடுத்தாங்க, வேண்டாம்னு. கம்பெனிக்காரங்க விளக்கை மட்டும் இல்ல, உள்ள இருந்த கணக்கையும் எடுத்துட்டாங்க. இப்ப மெஷினுக்கே தெரியாது ஐயா, எது எதுன்னு."

சவரிமுத்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். வெறும் ஓட்டைதான்.

"கிளிப்பை நீ மாட்டிக்க."

"நானா?"

"என் மனசு அதுக்குத் தெரிய வேண்டாம். உனக்கு என் தம்பி யாருன்னு தெரியாது. நீ மாட்டிக்க, போடு."

நூர்ஜகான் மாட்டிக்கொண்டார். ரெக்கார்டு சுழன்றது. சுவர்களில் இருந்த ஒலிபெருக்கிகள் மெல்ல உயிர் பிடித்தன. மின்விசிறி ஓடுகிற சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். டென்சில், இருபத்தொரு வயசு டென்சில், "சீக்கிரம் மேன், வேர்க்குது" என்றான். பிறகு தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், குச்சி ஒன்று டிரம்மின் விளிம்பில் லேசாகத் தட்டியது. உடனே பேஸ் நுழைந்தது.

"நிறுத்து" என்றார் சவரிமுத்து. "முதல்ல இருந்து போடு."

மூன்று தடவை போடச் சொன்னார். மூன்று தடவையும் அந்தத் தட்டல் இருந்தது. வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லாத சத்தம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நூர்ஜகான் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"என்ன ஐயா அது?"

"பட்டறையில நான் சின்னச் சுத்தியல். அவன் சம்மட்டி. உலைச் சத்தத்துல பேச முடியாது. நான் பட்டறைக் கல்லு ஓரத்துல லேசா ஒரு தட்டு தட்டுனா, அடின்னு அர்த்தம். அவன் அடிப்பான். பார்க்கக்கூட மாட்டான், காதுல விழுந்ததும் கை இறங்கிடும்." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "எண்ணி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் பழக்க தோஷத்துல தட்டியிருக்கேன்மா. எனக்கே தெரியல. நான் தட்டுனேன். அவன் அடிச்சான். அவன் தப்பே பண்ணல."

நூர்ஜகான் மெஷின் பக்கம் திரும்பினார். பாட்டை ஓட விட்டார். சைரன் ஊதியாச்சு, சட்டையை மாத்து என்று டென்சில் கத்தினான். நாலு பேரும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடினார்கள். கடைசித் தாளம் அடங்கியது. நடையில் செருப்புச் சத்தம். கதவு கிறீச்சிட்டது. கன்னத்தில் விழுந்த சத்தம் இப்போது இந்த அறையிலும் விழுந்தது. நூர்ஜகான் தோளைக் குறுக்கிக்கொண்டார். செருப்பு திரும்பி நடந்தது.

அப்புறம் ஒரு பையனின் குரல். கொஞ்சம் கரகரப்பு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சரிண்ணே. பசிக்குதுண்ணே, சாப்பிட்டுட்டுப் போவோம்."

ரெக்கார்டு கிறுகிறுவென்று வெறுமனே சுழன்றது. பன்னிரண்டு நொடி முடிந்தது.

அது இன்னாசியின் குரல்தான். அந்த 'ண்ணே'வை அவன் இழுக்கிற விதம் வேறு யாருக்கும் வராது. ஆனால் டென்சிலுக்கும் மெஷின் அதே குரலில்தானே பேசியிருக்கும்.

"அன்னைக்கு நாங்க சாப்பிடல" என்றார். "கோவத்துல நேரா ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிட்டேன். ரயில் கொள்ளிடம் பாலம் தாண்டறப்ப, வாசலுக்குப் போனவன் அங்க இல்ல."

"அப்ப நிஜம்தான் ஐயா இது! அவருக்கு உங்க மேல கோவமே இல்ல. பசியில தலை சுத்தி, காத்துக்காக வாசல்ல போய் நின்னிருப்பாரு…" பாதியில் நிறுத்திக்கொண்டார், பேச்சு திரும்பச் சவரிமுத்துவிடமே போய் முட்டுகிறது என்று தெரிந்து.

"கன்னத்துல வாங்குனவன் சோறா கேப்பான்?"

"பதினெட்டு வயசுப் பையன் கேப்பான் ஐயா. எனக்கு ஒருத்தன் இருக்கான்."

சவரிமுத்து நூர்ஜகானின் விரலைப் பார்த்தார். கிளிப் இன்னும் அதில்தான் இருந்தது. "அதான் உன் மகன் பசியையும் உன் இரக்கத்தையும் போட்டு நிரப்பிருச்சு. உன்னை மாட்டச் சொன்னது என் தப்பு."

"அப்ப அந்தத் தட்டுன சத்தம்? அதுவும் பொய்யா?"

"அது நிஜம்."

"எப்படி ஐயா? ரெண்டும் ஒரே ரெக்கார்டு, ஒரே கோடு, ஒரே மெஷின். உங்களைக் குத்துறது மட்டும் நிஜம், உங்களை விட்டுடுறது மட்டும் பொய்யா? எனக்கு எங்க அத்தா வேணும்னு நான் பொய்யை எடுத்துக்கிட்டேன். நீங்க என்னத்தை எடுத்துட்டுப் போறீங்க?"

சவரிமுத்து ரெக்கார்டைத் துணியில் சுற்றினார். முடிச்சுப் போட இரண்டு தடவை முயன்றார். வரவில்லை. நூர்ஜகான் எழுந்து வந்து போட்டுக் கொடுத்தார்.

"தட்டுனது என் கைக்குத் தெரியும்மா. அவன் சொன்னது எனக்கு வேணும். அறுபத்தஞ்சு வருஷமா வேணும். வேணுங்கறதையே குடுக்கற கடையில, அதை மட்டும் நான் எப்படி நம்பி வாங்கிட்டுப் போறது? அந்த விளக்கு இருந்திருந்தா…"

அந்த அம்மாள் குனிந்துகொண்டார். விளக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

"பதிஞ்சு தரட்டுமா ஐயா? வீட்ல வச்சுக் கேக்கலாம்."

"வேண்டாம்."

கூடத்தில் வரிசை இன்னும் நீண்டிருந்தது. எல்லார் முகத்திலும் வளைகாப்புக்குப் போகிறவர்கள் மாதிரி ஒரு மலர்ச்சி. வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண், மடியில் உடைந்த செல்போனோடு, அவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு யாருங்க?"

"தம்பி."

"என்ன சொன்னாரு?"

"பசிக்குதுன்னு சொன்னானாம்" என்றுவிட்டு, சவரிமுத்து வெயிலில் இறங்கி நடந்தார்.