கண்ணாடி கழற்றிய படம்

கூடத்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த படத்தில், நேற்று இல்லாத ஒரு மேடு இருந்தது. சித்ராதேவி மழையைத்தான் திட்டினாள். ரங்கூன் மழைக்குத் தோல் செருப்பே பூத்துப்போகும், தாள் எம்மாத்திரம்?

அந்த மாடிவீடு ஓர் அமெரிக்க டீச்சருடையது. அவர் ஊருக்குப் போனபின் வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்வது சித்ராதான். படம், எழுபது வருஷத்துக்கு முன் அந்த நாட்டுப் பெண்ணொருத்தி செம்புத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்செடுத்தது. அவள் சிலையும் செய்தவளாம். அதனாலோ என்னவோ, தாளையே மேடும் பள்ளமுமாக அமுக்கி வைத்திருந்தாள். ஆளுமில்லை, மரமுமில்லை, மடங்கி மடங்கிக் கிடக்கும் கறுப்புக் கோடுகள்தான்.

அந்தக் கூடத்தில்தான் இப்போது தம்பி கோபி ஒளிந்திருந்தான். அவர்கள் குடியிருக்கும் தாகேதாப் பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள். அவனும் போய்விட்டால் சித்ராவுக்கு வேறு நாதியில்லை.

"அக்கா, நீ கண்ணாடியக் கழட்டினதுலேருந்து அதுல ஒரு வாசம் வருது."

"பூஞ்சைடா. காத்தாடக் கிடக்கட்டும்."

"பூஞ்சையில்ல. மனுச வேர்வை."

அவள் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். கரண்ட் போய் மின்விசிறி நின்றதும், தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்கு அடியில், கூடத்தில் யாரோ ஈரத் துணியை மெல்ல மெல்லப் பிழிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கழுவாத செம்பின் வாடை சமையலறை வரை வந்தது.

அதற்குள் கதவைத் தட்டினார்கள். துப்பாக்கியோடு நாலைந்து பேர். அலமாரி, கட்டிலடி, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் புரட்டினார்கள். யாருமில்லை. போய்விட்டார்கள்.

முருகா, பிழைத்தோம் என்று அழுதாள் சித்ரா.

"கோபி, வாடா. போயிட்டாங்க."

கூடத்தில் அவன் இல்லை. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியே போக ஒரே வாசல். அதில் அவளே நின்றிருந்தாள்.

கொடியைப் பார்த்தாள்.

புதிதாக ஒரு கோடு. கறுப்பு. ஈரம் காயவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவன் தூங்குவதுபோலவே. அப்போதுதான் மற்றக் கோடுகளும் புரிந்தன. முழங்கைகள். கழுத்துகள். முதுகுகள்.

தாள் ஏறி இறங்கியது.

கொடிக்குப் பின்பக்கம் போனாள். தாளின் முதுகில் ஒரு பள்ளம். மூக்கு. நெற்றித் தழும்பு. கத்துவதற்குத் திறந்த வாய். விரலை வைத்தாள். சூடாக இருந்தது.

"அக்கா இங்கதான்டா இருக்கேன்."

பள்ளம் ஓரத்திலிருந்து தூர்ந்துகொண்டு வந்தது. நெற்றி போயிற்று. கண்கள் போயின. வாய் மட்டும் இன்னும் மூடவில்லை.