அறுநூற்றுப் பன்னிரண்டு சாட்சிகள்

அந்த அறையில் இருந்தவர்கள்:

பல் டாக்டர். வீட்டுக்காரர்.

ரிட்டயர்டு சரித்திர வாத்தியார். பல் டாக்டருக்கு எதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

பல் டாக்டரின் மச்சான். எலெக்ட்ரீஷியன். ஆட்டத்துக்கு நடுவர்.

பல் டாக்டரின் மனைவி. அவ்வப்போது, டீயோடு.

அப்புறம் சிப்பாய்கள், விரல் உயரத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

இதில் செத்தது ஒரே ஒரு ஆள்.

சிப்பாய்களில் யாரும் இல்லை.

ட்ரிங்... ட்ரிங்...!

ஹாலில் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

இன்ஸ்பெக்டர் வாசலிலேயே ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து நின்றாள். கண் மூடி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. பொழுது விடியும்போது ஒரு தீ விபத்து. பத்து மணிக்கு ஒரு கத்திக்குத்து. மதியம் மூன்றுக்கு இது.

"ஏட்டு... உள்ளே உட்கார நாற்காலி இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா எல்லாத்துலயும் பெயிண்ட் டப்பா."

உள்ளே போனாள்.

அறை முழுக்க ஒரே ஒரு மேஜை. பன்னிரண்டு அடி நீளம். அதன்மேல் ஒரு உலகம். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்ட புல்வெளி. பிளாஸ்டர் குன்றுகள். பளபளக்கும் பசையில் ஓர் ஆறு, அதன் மேல் தீக்குச்சிப் பாலம். இரண்டு கரையிலும் சிவப்புச் சட்டைப் படையும் நீலச் சட்டைப் படையும். ஒவ்வொரு சிப்பாய்க்கும் பொத்தான், மீசை, புருவம்!

மேஜைக்குக் கீழே பல் டாக்டர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் ஓர் இரும்பு விளக்கு ஸ்டாண்ட்.

"இது என்ன விளையாட்டு சார்?"

வாத்தியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"விளையாட்டுன்னு சொல்லாதீங்க மேடம். முன்னூறு வருஷத்துக்கு முன்னால ரெண்டு ராஜா இந்த ஆத்தங்கரையில மோதினாங்க. அதை அப்படியே மேஜை மேல நடத்துறோம். டேப் வச்சு அளந்து நகர்த்தணும். தாயக்கட்டை உருட்டி, எத்தனை பேர் செத்தாங்கன்னு முடிவு பண்ணணும்."

"மூளை உள்ளவங்க செய்யற வேலைதானா இது?"

"எங்க வீட்டுலயும் இதைத்தான் கேப்பாங்க."

"பிணத்தை முதல்ல பார்த்தது நீங்க?"

"ஆமாம். ஒரு மணிக்கு ஆட்டத்தை நிறுத்தினோம். நான் தெருமுனை ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனேன். ரெண்டு மணிக்கு வந்தா... இந்தக் கோலம்!"

"நடுவர் எங்கே போனார்?"

வாத்தியார் கண்ணாலேயே மச்சானைக் காட்டினார்.

மச்சானுக்கு முப்பது வயது இருக்கும். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"பின் சந்துல தம் அடிச்சிட்டு இருந்தேன் மேடம்."

"ஒரு மணி நேரமா? ஒரு பெட்டியே தீர்ந்திருக்குமே?"

"மாமா மேல கோபம். உள்ளே வரப் பிடிக்கல."

"என்ன கோபம்?"

"குதிரைப்படையை நகர்த்தும்போது ஒரு விரக்கடை கூடுதலா நகர்த்தினார். கேட்டேன். 'ஓசியில டீ குடிக்கிறவன் நியாயம் பேசாதே'ன்னார்."

"இந்த மேஜையை ஒரு நாள் கொளுத்திப் போடறேன்னு இவன் கத்தினான் மேடம்!" என்றார் வாத்தியார்.

"யோவ் வாத்தியாரே! மேஜையைத்தான்யா சொன்னேன்!"

"அந்த விளக்கு ஸ்டாண்டைத் தொட்டியா?"

"காலையில நான்தான் அதுக்கு ஸ்விட்ச் மாத்திக் கொடுத்தேன். கைரேகை இருக்கத்தான் செய்யும்!"

"முன்கூட்டியே பதில் வச்சிருக்கே. ஏட்டு, இவனை ஜீப்ல ஏத்துங்க."

கதவோரம் டீத்தட்டோடு நின்ற மனைவி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"மேடம்... என் தம்பி எறும்பைக்கூட நசுக்க மாட்டான். விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினாள். "அப்போ வேற யாரும்மா? நீங்க எங்க இருந்தீங்க?"

"சமையல்கட்டுல."

ட்ரிங்... ட்ரிங்...!

"போனை எடுக்க மாட்டீங்களா?"

"ஏதோ விளம்பரக்காரன் மேடம். மதியத்துல இருந்து இதே ரோதனை."

அவள் குரலில் களைப்பு. இன்ஸ்பெக்டருக்கு அது பழக்கமான களைப்பு. கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

டீயை எடுத்துக்கொண்டு பிணத்தின் அருகே குனிந்தாள். முட்டி மளுக்கென்றது. பல் டாக்டரின் கன்னத்தில் ஏதோ பச்சையாய் ஒட்டியிருந்தது.

மரத்தூள்!

சட்டைப் பித்தானில் ஒரு குட்டித் துப்பாக்கி, சிப்பாயின் கை மணிக்கட்டோடு ஒடிந்து மாட்டியிருந்தது.

'அடி பட்டதும் மனுஷன் மேஜை மேலதான் விழுந்திருக்கான். அப்புறம்தான் சரிஞ்சு கீழே வந்திருக்கான். எண்பது கிலோ உடம்பு. பூகம்பமே வந்திருக்கணும்...'

எழுந்து பார்த்தாள். மேஜையில் ஒரு சிப்பாய்கூடச் சாய்ந்திருக்கவில்லை. அணிவகுப்பு மைதானத்தில் நிற்பதுபோல நின்றார்கள்.

"சார்... ஒரு மணிக்கு யார் ஜெயிச்சிட்டு இருந்தீங்க?"

"நான்தான்! பாலத்தைப் பிடிச்சாச்சு. அவரோட சிவப்புப் படையில பாதி காலி..."

சொல்லிக்கொண்டே வாத்தியார் மேஜையைப் பார்த்தார். பிணம் கிடந்ததால் அதுவரை அந்தப் பக்கமே திரும்பாதவர்.

அவர் வாய் திறந்தபடி நின்றது.

"மேடம்! இது... இது காலையில ஒன்பது மணி நிலவரம்! ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அடுக்கினது! செத்தவங்களை இந்த பிஸ்கட் டப்பாவுல போடுவோம். நூத்தி நாப்பது பேர் உள்ளே இருந்தாங்க!"

இன்ஸ்பெக்டர் டப்பாவைத் திறந்தாள்.

காலி!

"ஆக, கொலைகாரன் செத்தவங்களை எல்லாம் எழுப்பி நிக்க வச்சிருக்கான். ஒருத்தரைத் தவிர." டீயை உறிஞ்சினாள். "இப்படி அடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"சுவத்துல இருக்கற வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து... ரெண்டு மணி நேரம். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு இடம் இருக்கு மேடம். கொடிக்காரன் வேற, முரசுக்காரன் வேற."

"நடுவருக்கு?"

"எனக்குச் சட்டம்தான் தெரியும். பொம்மையைத் தொட்டா மாமா கையை ஒடிச்சிடுவார்."

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டாள். கண் சொருக, மேஜை ஓரத்தில் சாய்ந்தாள். முழங்கை வழுக்கியது.

சடசடவென்று ஒரு சிவப்பு வரிசை கவிழ்ந்தது!

"ஐயோ, மன்னிச்சுக்கம்மா..."

அவள் முடிப்பதற்குள் மனைவியின் கை நீண்டுவிட்டது. கொடிக்காரன் நடுவில். முரசுக்காரன் அவனுக்கு இடது. மீசைக்காரர்கள் முன்னால், மீசையில்லாத பையன்கள் பின்னால். கண் எங்கோ பார்த்தது. விரல்கள் மட்டும் ஓடின.

நின்றன.



இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு பொம்மை. நாப்பது செகண்ட். வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

ட்ரிங்... ட்ரிங்...!

இந்தமுறை இன்ஸ்பெக்டரே ஹாலுக்குப் போய் எடுத்தாள்.

"முதியோர் இல்லத்துல இருந்து பேசறோம்மா. ஒண்ணு பத்துக்கே தகவல் சொல்லிட்டோம். உங்க அம்மா உடம்பை எவ்வளவு நேரம் கட்டில்லயே வச்சிருக்கறது? அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வாசல்ல காத்திருக்காங்க!"

"வர்றோம்" என்று வைத்தாள்.

திரும்பி வந்தபோது மனைவி டீத்தட்டைக் கீழே வைத்திருந்தாள்.

"அக்கா... யாரு போன்ல?" என்றான் மச்சான்.

"அம்மா போயிட்டாங்கடா."

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"பதினோரு வருஷம் மேடம்" என்றாள் அவள். அழவில்லை. "எல்லாருக்கும் நான்தான் பெயிண்ட் அடிச்சேன். சனிக்கிழமை ராத்திரி நான்தான் அடுக்குவேன். பெருமை அவருக்கு. அம்மா படுத்த படுக்கையானப்போ, இந்த ரூம்ல ஒரு கட்டில் போடலாம்னு கேட்டேன். இடம் இல்லைன்னார்."

பன்னிரண்டு அடி மேஜையை எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னிக்குப் போன் வந்துச்சு. ஓடிவந்து சொன்னேன். தலையைத் தூக்கல. 'இன்னிக்கு ஆட்டம் முடியட்டும். அவங்க இனிமே எங்க ஓடிடப் போறாங்க?'ன்னார். விளக்கு கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு."

"சரி... பொம்மையை எதுக்கும்மா அடுக்கினீங்க?"

"தெரியல மேடம். கலைஞ்சு கிடந்துச்சு. கை தானாப் போச்சு. ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும், எல்லாரையும் எழுப்பி நிக்க வச்சு, தூசி தட்டித்தான் உள்ளே எடுத்து வைப்பேன். பழக்கம்."

"தம்பியை ஜீப்ல ஏத்தச் சொன்னேன். அப்பவும் வாயைத் திறக்கலியே?"

"சாயங்காலத்துக்குள்ள சொல்லியிருப்பேன். அதுக்கு முன்னாடி அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துடலாம்னு... போனை எடுத்தா அழுதுடுவேன்னுதான் எடுக்கல."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினாள்.

"ஏட்டு, ஜீப் முதியோர் இல்லம் வழியாப் போகட்டும்."

"அது சுத்து வழி மேடம்... நீங்க வேற தூங்கவே இல்லை."

"தெரியும். போகட்டும்."

அங்கே கால்மணி நேரம். கட்டிலை அதற்குள் துடைத்து வேறு விரிப்பு போட்டிருந்தார்கள். அம்மா வராந்தாவில், ஸ்ட்ரெச்சரில் இருந்தாள். மகள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அதற்குமேல் அடுக்க எதுவும் இல்லை. மற்றதைத் தம்பி பார்த்துக்கொள்வான்.

ஐந்தரைக்கு ஸ்டேஷன்.

பெண்கள் லாக்கப் காலியாக இருந்தது. பத்துக்குப் பத்து. சுவர். தரை. வேறு ஒன்றும் இல்லை.

அவள் உள்ளே போய் நடுவில் நின்றாள். ஒரு மூலையில் இருந்து எதிர்மூலைவரை கண்ணாலேயே அளந்தாள்.

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள்.

க்ளக்!

கம்பிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"பாருங்க மேடம்... இங்க தாராளமா ஒரு கட்டில் போடலாம்!"