கழிக்காத பத்து

காலை எட்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தேன். மூச்சு இயந்திரங்களைக் கவனிப்பது என் வேலை. நான்காம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். நேற்று அவருக்கு நான் குறித்துக் கொடுத்த எண் பதின்மூன்று. இன்றும் அதுவே வந்தால் பதினொரு மணிக்கு இயந்திரத்தை நிறுத்திவிடுவதாகப் பேச்சு. வெளியே அவர் மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. உள்ளே செலுத்திய காற்றை, அதற்கு ஆன அழுத்தத்தால் வகுத்தால் நுரையீரல் எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்று தெரியும். எண் குறைந்தால் நுரையீரல் இறுகிவிட்டது என்று பொருள். இவருக்கு நேற்று நானூறு மில்லி காற்று, முப்பது அழுத்தம்; வகுத்தால் பதின்மூன்று.

மூச்சை உள்ளேயே நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். மருந்தின் பிடியில் அவர் உடம்பு அசையாது. திரையில் அழுத்தம் முப்பது.

பிறகு இருபத்தொன்பது. இருபத்தைந்து.

இருபதில் நின்றது.

குழாய் கசிகிறதோ என்று தடவிப் பார்த்தேன். இல்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் முப்பதிலிருந்து இறங்கி இருபதில் நின்றது. மருந்து நெடியைத் தாண்டித் தையல் மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. என் பிடரிக்குப் பின்னால் யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுத்தார்கள்.

"பத்தைக் கழிச்சியா தம்பி?"

பெண் குரல். திரும்பினேன். யாருமில்லை.

அப்போதுதான் உறைத்தது. மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, இயந்திரம் பத்து அளவு அழுத்தத்தை உள்ளேயே வைத்திருக்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். நான் கழிக்கவில்லை. போன வாரம் இதே படுக்கையில் கிடந்த தையல்கார அக்காவுக்கும் கழிக்கவில்லை. என் எண்ணை நம்பித்தான் அவளுடைய இயந்திரத்தை நிறுத்தினார்கள். இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனாள்.

முப்பதில் பத்தைக் கழித்து, நானூறை இருபதால் வகுத்து, டிரைவரின் தாளில் பதின்மூன்றை இருபது என்று திருத்திக் கொடுத்தேன்.

"இருபதா? அப்ப இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அக்காவின் தாளை மட்டும் யாருக்கும் தெரியாமல் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பாவம்தான். ஆனால் எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை போனால் நடுத்தெருதான்.

ஐந்தாம் நாள் டிரைவரின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தோம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரோ என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கூடவே நிக்கிறாங்களே, அந்தக்கா யாரு சார்?" கரகரத்த குரலில் கேட்டார்.

"யாருமில்லையே."

"நேத்துலேர்ந்து ஒண்ணையேதான் கேக்குறாங்க. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு."